ஆந்தைமேற் சுமத்திய பழி

கண்டி நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் வீடு எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று கோடு கீறிக் காட்டுவது எளிதன்று. பலாவும் ஈரப்பலாவும் தென்னையும் கமுகும் கித்துளும் நெருங்கி உயர்ந்து நிற்க, அவற்றின் நிழலிலே கோப்பியும் மிளகும் கராம்பும் வாழையும் செழித்திருக்கும். பல தலைமுறைகளின் உழைப்பால் உருவான சிறு காடுகள் இவ்வீட்டுத் தோட்டங்கள். ஆகவே காட்டுப் பறவைகள் பல வீட்டுக் கோடியிலும் குடியிருப்பதில் வியப்பில்லை. பகலிற் பருந்தும் வல்லூறும் வரும். இரவில் ஆந்தை வரும். பருந்து வட்டமிடுவதைக் காணச் சிறுவர் முற்றத்துக்கு ஓடுவர். இரவிலே பலாமரத்தில் ஒரு குரல் எழுந்தாலோ, அதே சிறுவரை அன்னையர் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துவர். எவர் வீட்டில் யாருக்கு நோய் என்ற பேச்சு அடுத்து எழும்.

இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மலைநாட்டு மக்கள் இரவிற் கேட்ட குரலுக்கு யார் யார் என்ன பொருள் உரைத்தனர், அப்பொருளின் நிழலில் எவை எவை மறைந்து கிடந்தன என்பதை நோக்கின், அது பறவையின் வரலாறாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

முதலிற் பறவைகளையே பார்ப்போம். கண்டிப் பகுதித் தோட்டங்களில் அடிக்கடி கேட்பது ஒரு சாண் உயரமேயுள்ள சிறிய காதாந்தையின் குரல். மாலை மங்கியதும் தவளை கத்துவது போன்ற மெல்லிய ஒற்றைச் சொல்லைச் சீரான இடைவெளி விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும். மகாவலிக் கரையிலும் குளக்கரைகளிலும் நிற்கும் பெருமரங்களில் மீன் பிடிக்கும் பேராந்தை ஒன்றுண்டு. அடர்ந்த தோப்புகளில், கண்ணைச் சுற்றிக் கருவளையமும் செம்பழுப்பு முகமும் உடைய மர ஆந்தை இருக்கும். பகலில் இவற்றைக் காண விரும்புவோர் ஆந்தையைத் தேடக் கூடாது. காகத்தையும் கொண்டைக்குருவியையும் அணிலையும் கவனிக்க வேண்டும். அவை ஒரு மரத்தைச் சூழ்ந்து ஆரவாரித்தால் அங்கே தண்டோடு தண்டாக ஒட்டியபடி ஆந்தை கண்மூடி இருக்கும். காலம் அறிதலைப் பேசவந்த வள்ளுவர் காக்கைக்கும் கூகைக்கும் உள்ள இப்பகையை எடுத்தாண்டமை, அவர் தோட்டத்தில் நின்று பார்த்தவர் என்பதையே காட்டுகிறது.

பகற்பறவைகளில், சீழ்க்கையடித்தபடி உயரத்தில் வட்டமிடும் பாம்புண்ணிக் கழுகும், மரத்துக்கு மரம் தாவி ஓணானையும் கோழிக்குஞ்சையும் கவரும் வல்லூறும் இங்கு யாவரும் அறிந்தவை. குடுமி வைத்த பெருங்கழுகும் இடையிடையே வரும். தமிழிலே ‘இராசாளி’ என்கிறோம். சிங்களத்திலே ‘ராஜாலியா’ என்கின்றனர். இரு மொழியும் ஒரே அரச பட்டத்தை அதற்குச் சூட்டியிருப்பது சிந்தனைக்குரியது. பட்டப்பகலில், தாய்க்கோழியின் கண்ணெதிரே, ஏழையின் குஞ்சைக் கொண்டுபோகும் பறவைக்கு அரசன் பெயர். நெல்மூட்டையைக் கடிக்கும் எலியையும் பயிரைத் தின்னும் வண்டையும் இரவெல்லாம் பிடித்துத் தின்னும் பறவைக்குச் சாக்குருவி என்ற பெயர். பெயர் சூட்டியவர்கள் பறவையை மட்டும் பார்த்துச் சூட்டவில்லை. சமுதாயத்தில் எவரைக் கண்டு வணங்கப் பழகினரோ அவர் சாயலை வானத்திலும் கண்டனர்.

சாவோடு ஆந்தையைச் சேர்த்த வழக்கு தமிழில் மிகப் பழையது. ஆய் என்னும் வள்ளல் மாய்ந்த துயரைக் குட்டுவன் கீரனார் பாடிய புறநானூற்றுப் பாட்டிலே, மரப்பொந்தில் இருந்த கூகை இறந்தாரை அழைப்பதுபோலக் கூவுவதாக வருகிறது. புறப்பாடல்களின் சுடுகாட்டில் கூகைக்கு நிலையான இடம் உண்டு. ஏன் சுடுகாட்டில்? ஆந்தைக்கு வேண்டியது பொந்து; பொந்துக்கு வேண்டியது முதுமரம். ஊரின் ஏனைய இடங்களில் மரம் வீடாகவும் ஏராகவும் விறகாகவும் மாறிவிடுகிறது. எவரும் கோடரி வைக்கத் துணியாத இடம் சுடலையும் பாழ்ங்கோயிலுமே. முதுமரம் நின்ற இடத்திற்கு ஆந்தை சென்றது. அங்கே பிணம் எரிவதை அது கேட்டு வரவில்லை. கண்டியிலும் இதைக் காணலாம். தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள உடவத்தைக் காடு அரசருக்கு உரிய வனமாக இருந்தது. 1856இல் ஒதுக்கக் காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் பிரகடனம் செய்யப்பட்டமையால் ஏறத்தாழ 257 ஏக்கர் இன்றும் எஞ்சியுள்ளது. அதன் ஓரத்திலேதான் ஆங்கிலேயப் படையினரின் பழைய இடுகாடும் இருக்கிறது. அங்கே புதைந்து கிடப்போரிற் பலரைக் கொன்றது காய்ச்சல். கல்லறைக்கு மேலே ஆந்தை கூவுவதைக் கேட்டு அஞ்சுவோர், காட்டின் எல்லையில் நின்று அதைக் கேட்கிறோம் என்பதை மறந்துவிடுகின்றனர்.

மலைநாட்டு இரவுக் குரலைப் பற்றி எழுத்தில் நமக்குக் கிடைக்கும் புகழ்பெற்ற சான்று றொபேட் நொக்ஸ் என்பவருடையது. 1660இல் இரண்டாம் இராஜசிங்கனிடம் சிறைப்பட்ட இந்த ஆங்கிலேய மாலுமி, 1679இல் தப்பி ஓடும்வரை கண்டி இராச்சியத்து ஊர்களிலே வாழ்ந்தார். சிறை என்றாலும் சுவருள்ள சிறையன்று. கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்தையில் தென்னைகளோடு கூடிய நிலம் வாங்கி, வீடு கட்டி, தொப்பி பின்னி விற்றுத் தோட்டக்காரராகவே இருந்தார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலில், இந்நாட்டில் இரவிலே பேய் வாய்விட்டுக் கத்துவதுண்டு என்றும், அது நாய் குரைப்பது போன்ற கூரிய குரல் என்றும், தாமே பலமுறை கேட்டதாகவும் எழுதுகிறார். அது பேயே என்பதற்கு அவர் காட்டும் நியாயங்கள் மூன்று: அப்படிக் கத்தும் பிராணி எதையும் ஊரார் அறியார், எந்தப் பறவையும் பறக்கவியலாத வேகத்தில் அக்குரல் ஓரிடம் விட்டு ஓரிடம் செல்கிறது, நாய்களும் அதைக் கேட்டு நடுங்குகின்றன.

மூன்றும் கவனத்தோடு கேட்ட ஒருவரின் குறிப்புகள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. இரண்டாவது நியாயத்துக்கு விடை எளிது. ஆணும் பெண்ணுமாக இரண்டு ஆந்தைகள் பள்ளத்தாக்கின் இரு பக்கமிருந்து மாறிமாறிக் கூவினால், இருளில் நிற்பவனுக்கு ஒரே குரல் தாவுவதாகத் தோன்றும். ஆந்தையின் இறகோரம் மென்மையான குஞ்சம் போன்றது. பறக்கையில் ஓசை எழாது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நொக்ஸ் கேட்டது எந்தப் பறவையை என்று இன்று முடிவு கட்ட இயலாதெனினும், பேய்க்கு அங்கே வேலை இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அவர் சொல்லும் இன்னொரு செய்தியே நமக்கு முக்கியமானது. அக்குரலால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாகத் தாம் கேள்விப்பட்டதில்லை என்கிறார். அடுத்த மூச்சிலேயே, குரல் கேட்பதற்குச் சற்று முன்னோ பின்னோ அரசன் ஆட்களைக் கொல்விப்பது வழக்கம் என்று ஊரார் கண்டுவைத்திருந்தனர், தாமும் கண்டதுண்டு என்கிறார். 1664இல் நிலம்பையிலே குடிகள் கிளர்ந்தெழுந்து அரசனைத் துரத்திய காலமும், கலகம் அடங்கியபின் அவன் ஐயப்பட்டவரையெல்லாம் அழித்த காலமும் நொக்ஸ் வாழ்ந்த காலமே. அரசன் அடிக்கடி கொல்வித்தான். ஆந்தை அடிக்கடி கத்தியது. இரண்டும் அடுத்தடுத்து நிகழாத வாரம் எது? அரசனை நோக்கி விரல் நீட்ட முடியாத மக்கள் இருளை நோக்கி நீட்டினர். அவர்களை மூடர் என்று நாம் சொல்ல மாட்டோம். கொலைக்கும் குரலுக்கும் கணக்கு வைத்திருந்த மக்கள் கொலையை மறந்தவர் அல்லர்.

நொக்ஸ் பேய் என்றதைச் சிங்கள மக்கள் ‘உலமா’ என்பர். அது பற்றிய கதை மலைநாட்டில் யாவரும் அறிந்தது. மனைவியின் கற்பில் ஐயங்கொண்ட கணவன் ஒருவன், அவள் வெளியே சென்ற வேளையிற் குழந்தையைக் கொன்று கறியாக்கி வைக்கிறான். பசியோடு வந்து உண்ணத் தொடங்கியவள் கறியிலே சின்னஞ்சிறு விரலைக் காண்கிறாள். அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடி மறைந்த அவளே உலமாவாகி இன்றும் கதறுகிறாள் என்பது கதை. இதைக் கேட்டுப் பெண்ணின் ஆவிக்கு அஞ்சும் நாம், அக்கணவனுக்கு அஞ்சியதுண்டா? கதையில் அவனுக்குப் பெயரும் இல்லை, தண்டனையும் இல்லை. கொன்றவன் வீட்டில் இருக்கிறான், கதறியவள் பேயாகிறாள். கதையை முதலிற் சொன்னவள் ஒரு தாயாக இருந்திருப்பாள் என்று நமக்குத் தோன்றுகிறது. அதை அச்சக் கதையாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கையில் விழுந்தபின் உலமா குடியேற்ற ஆட்சியாளரின் நூல்களிற் புகுந்தது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் ரெனன்ற், 1861இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலில், சிங்களவர் இக்குரலைக் கேட்டு நடுங்குவதாகவும் வரவிருக்கும் கேட்டின் அறிகுறியென வருந்துவதாகவும் எழுதினார். அது மர ஆந்தை என்பது அவர் கருத்து. குருநாகலில் அதிகாரியாயிருந்த மிற்போர்ட் என்பவர் இதை மறுத்து, அது ஆந்தையே அன்று என்று எழுதிய கடிதத்தையும் அவர் சேர்த்துள்ளார். அந்த நேர்மையைப் பாராட்டலாம். ஆயினும் மலைநாட்டார்க்கு வந்த கேடு எது என்று அவரிடமே கேட்டிருக்கலாம்! 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் உறுதியில்லாத காட்டையும் சேனையையும் அரசின் சொத்தாக்கியது. ஏக்கர் ஐந்து சிலிங் என்ற அளவிலே அவை கோப்பித் துரைமாருக்குப் போயின. ரெனன்ற் செயலாளராயிருந்த 1848இல் துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வீதி வேலைக்கு ஆள்வரி என்று விதிக்கப்பட்டன. மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் எழுந்தனர். ஓகஸ்டு 8ஆந் திகதி புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பிக்கு ஒருவர் காவியுடையோடே சுடப்பட்டார். அவ்விரவுகளில் உலமா கத்தியதா என்று எவரும் குறித்துவைக்கவில்லை.

அதே நூலில் கோப்பி எலியைப் பற்றியும் ரெனன்ற் எழுதுகிறார். காட்டிலே நீலு என்னும் குறிஞ்சிச் செடியின் விதை அற்றுப்போகும் காலத்தில் எலிகள் கூட்டங்கூட்டமாகத் தோட்டங்களில் இறங்கிக் கோப்பி அரும்பைக் கடித்தழிக்கும். ஒரு தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் கொல்லப்பட்டதுண்டு என்கிறார். தென்னிந்தியக் கூலிகள் இவ்வெலியிறைச்சியை மிக விரும்புவர் என்றும், எலி மிகுந்த தோட்டங்களையே நாடுவர் என்றும், தேங்காயெண்ணெயிற் பொரித்தும் கறியாக்கியும் உண்பர் என்றும் சுவைபடச் சொல்கிறார். அரிசியை எண்ணிக் கொடுத்துக் கூலியிற் கழித்த தோட்டத்திலே, கடும் உழைப்பாளி ஒருவன் எலியை ஏன் தேடினான் என்ற வினா அவருக்கு எழவில்லை. பசியை அவர் விருப்பமாக எழுதிவிட்டார். எலியைத் தின்னும் ஆந்தை குடியிருந்த பெருமரங்களை மலைமலையாக வெட்டிச் சாய்த்துவிட்டு எலிப்படையைக் கண்டு வியந்ததும் அக்காலத்து விந்தைகளில் ஒன்று. 1869இல் இலைநோய் வந்து கோப்பியும் ஒழிந்தது. தேயிலை வந்தது. மரங்கள் திரும்பி வரவில்லை.

பறவையைப் பறவையாக ஆராயும் முயற்சி இதற்கிடையே வளர்ந்தது. இந்நாட்டிலே பிறந்த பறங்கியர் சமூகத்து வைத்தியர் கெலார்ட் 1852இல் இலங்கை விலங்குகள் பற்றி முதல் நூலை வெளியிட்டார். பீரங்கிப் படை அதிகாரி வின்சன்ற் லெக், 1878 முதல் 1880 வரை வெளிவந்த தமது பெருநூலில் இலங்கைப் பறவைகளை முறையாக விவரித்தார். மலைநாட்டுக் கழுகொன்றுக்கு விஞ்ஞானப் பெயரிலே கெலார்ட்டும் ஆங்கிலப் பெயரிலே லெக்கும் இடம்பெற்றுள்ளனர். முதுகு செம்பழுப்பான நமது சிற்றாந்தை வேறெந்த நாட்டிலும் இல்லாதது. அதற்கு 1846இல் பெயரிட்ட பிளைத் கல்கத்தா நூதனசாலையில் இருந்தவர். இங்கிருந்து போன பறவைத் தோல்களே அவருக்குச் சான்று. அவர்களின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எந்த மரத்தில் எது கூடு கட்டும் என்று காட்டிக்கொடுத்த கிராமத்தான், துவக்குச் சுமந்தவன், தோலுரித்து உப்பிட்டவன் ஆகியோரின் பெயர் எந்தப் பறவைக்கும் இடப்படவில்லை.

இனி, நம் பெற்றோர் தலைமுறையும் பாட்டன் தலைமுறையும் நினைவிற் சுமந்த ஒரு காலத்துக்கு வருவோம். 1934இல் மழை பொய்த்தது. மகாவலியும் மா ஓயாவும் தெதுறு ஓயாவும் ஓட்டம் நின்று குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகியது. ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்து கேகாலை, குருநாகல், கண்டி மாவட்டங்களில் மலேரியா பரவியது. ஓராண்டுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். குழந்தைகளே மிகுதி. ஆந்தை அலறினால் சாவு விழும் என்று நம்பிய ஊர்களிலே, வீடுதோறும் சாவு விழுந்த அம்மாதங்களில் எந்த இரவுதான் நம்பிக்கையைப் பொய்யாக்கியிருக்கும்? நோயாளி கிடக்கும் வீட்டில் விடியும்வரை விளக்கெரியும். விளக்கை நாடிப் பூச்சி வரும். பூச்சியை நாடிச் சிற்றாந்தை வரும். உறங்காமல் விழித்திருப்பவர்களே அதன் குரலைக் கேட்பர். ஏனைய நாட்களில் அதே ஆந்தை அதே கொம்பிலிருந்து கூவியதை உறக்கத்திலிருந்தோர் அறியார்.

நுளம்பே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை றொஸ் 1897இலேயே இந்தியாவிற் கண்டறிந்துவிட்டார். முப்பத்தேழு ஆண்டு அறிவு கேகாலைக் குடிசைக்கு வந்து சேரவில்லை, கொயினா போதவில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக உடலிலே நோயைத் தாங்கும் சோறு இருக்கவில்லை. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் ஊர் ஊராகச் சென்றபோது கண்டது இதைத்தான். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க மருந்தோடு ஊட்டமும் வேண்டும் என்று வற்புறுத்தினார். பருப்புப் பங்கிட்ட என். எம். பெரேராவைக் கிராமத்தார் ‘பருப்பு மாத்தயா’ என்றே அழைத்தனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதற்கு இவ்வனுபவமும் ஒரு தூண்டுகோல். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. ஆந்தைகள் இன்றும் கூவுகின்றன.

இரவுக் குரலைக் கேட்டு அஞ்சாமல் பின்தொடர்ந்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1955இல் ஜீ. எம். ஹென்றியின் இலங்கைப் பறவைக் கைநூல் வெளிவந்தபின், இனிப் புதிதாகக் காண இந்நாட்டில் என்ன உண்டு என்றே பலரும் எண்ணியிருப்பர். 1995இல் கித்துள்கலைக் காட்டிலே தீபால் வரகாகொட தாம் அறியாத ஒரு மெல்லிய குரலைக் கேட்டார். இந்நாட்டுப் பறவைக் குரல்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து பழகிய காது அது. ஆறு ஆண்டுகள் தேடி, 2001 ஜனவரியிற் சிங்கராசக் காட்டில் அதை நேரிற் கண்டார்: காதுக்குடுமியற்ற செம்பழுப்புச் சிற்றாந்தை. 2004இல் அமெரிக்க அறிஞர் பமேலா ராஸ்முசனோடு சேர்ந்து விஞ்ஞான உலகுக்கு அறிவித்தார். இலங்கையில் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புதிய பறவையினம் எதுவும் கண்டறியப்படாதிருந்தது. சிங்கராசத்தை மரம் வெட்டுவோரிடமிருந்து காக்கப் போராடிய தீலோ ஹொவ்மனின் பெயர் அதற்கு இடப்பட்டது. நொக்ஸ் கேட்டதும் ஒரு குரல். வரகாகொட கேட்டதும் ஒரு குரல். ஊரார் அறியாத பிராணி என்பதை முன்னவர் விடையாகக் கொண்டார். பின்னவர் அதை வினாவாகக் கொண்டார்.

உலமா எது என்ற வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. காட்டில் வாழும் கொம்புக் காதுப் பேராந்தையே அது என்பது இன்று பலர் கருத்து. குடுமிக் கழுகு என்பாரும் உளர். அது பொறுத்திருக்கலாம். பொறுத்திருக்க முடியாதது மரம். உணவுத் தட்டுப்பாட்டை மனத்திற் கொண்டு இயற்றப்பட்ட 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதற் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதியின்றிப் பலாவையும் ஈரப்பலாவையும் வெட்ட முடியாது. ஏழையின் சோற்றுக்காக வந்த சட்டம் ஆந்தையின் பொந்தையும் காத்தது எதிர்பாராத நன்மை. இன்றோ கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்கள் பத்துப் பேர்ச்சசுத் துண்டுகளாகக் கூறுபடுகின்றன. துண்டு வாங்கியவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கும் கூரை வேண்டும். ஆனால் வீடு கட்டுமுன் முதலிற் சாய்வது உளுத்துப் பொந்து விழுந்த பழம்பலாவே.

ஆசிரியராயுள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆந்தை இருக்கும் மரத்தடியிற் சாம்பல் நிற உருண்டைகள் சிதறிக் கிடக்கும். செரியாத மயிரையும் எலும்பையும் வண்டின் ஓட்டையும் அது உருட்டி வாயால் உமிழ்ந்துவிடும். அவற்றைப் பொறுக்கி, வெயிலில் உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து, ஊசியாற் பிரித்து மாணவர் கையிற் கொடுங்கள். சிற்றாந்தையின் உருண்டையில் வண்டின் இறக்கை மூடியே மிகுதி. பெரிய ஆந்தையினதில் எலியின் தாடைகள் வரும். மட்டையில் ஒட்டிக் கணக்கெடுக்கலாம். கீழ்த்தாடை இடம் வலமாக இரண்டு துண்டாகவே கிடைக்கும். ஆகவே எலிகளின் தொகையை அறிய எண்ணிக்கையை இரண்டாற் பிரிக்க வேண்டும்.